மூன்று பேருக்குக் குறையாமல்

கருத்து மாளிகையில் காலை ஒன்பதரை மணிக்குக் கோபம் பங்கிடுவார்கள்.

முதலில் வந்து உட்காருகிறவர்களுக்கு ஆட்சி, நீதி, தேர்தல் என்று கொழுத்த கோபங்கள் கிடைக்கும். பத்து மணிக்கு மூச்சிரைக்க வந்து சேர்கிறவர் தலையில், நடைபாதையில் நாய்கள் அசிங்கம் செய்வது பற்றிய கோபத்தைக் கட்டிவிடுவார்கள். அவரும் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டு போய், மனித நாகரிகம் எப்படிச் சரிந்துகொண்டிருக்கிறது என்று எழுநூறு சொல்லில் நிறுவிவிட்டு, பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பார். கோபம் தீர்ந்துபோன நாட்களில் கவலை கொடுப்பார்கள். கவலையும் தீர்ந்துவிட்டால், ‘யோசிக்க வேண்டிய நேரம் இது’ என்று ஒரு பிரிவு இருந்தது. அதில் எதைப் பற்றி வேண்டுமானாலும் எழுதலாம். யோசிக்காமல் இருந்தால் போதும்.

அந்த இடத்துக்குத்தான் மூன்று மாதப் பயிற்சிக்கு வந்து சேர்ந்தாள் அந்த மாணவி. இதழியல் படிப்பில் கடைசி வருஷம். ஏதாவது ஓர் எழுத்து நிறுவனத்தில் மூன்று மாதம் வேலை பழகி, தன் பெயரில் ஒரு கட்டுரையாவது வெளியானால்தான் பட்டம் என்பது கல்லூரி விதி. எழுத்து நிறுவனம் என்று சொல்லிக்கொள்ள ஊரில் மிச்சமிருந்தது கருத்து மாளிகை ஒன்றுதான். மற்ற பத்திரிகைகள் எல்லாம் செய்தி போடுவது செலவு என்று நிறுத்தி, கருத்து போட ஆரம்பித்து, கருத்துக்குக் கருத்து அடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாக மாளிகைக்குள் ஐக்கியமாகிவிட்டன.

ஏழு மாடி. படிக்கட்டுச் சுவர் நெடுகக் கட்டுரையாளர்களின் படங்கள். அத்தனை பேரும் கன்னத்தில் கை வைத்திருந்தார்கள்.

அதைப் பார்த்ததும் அவள் படியிலேயே நின்றுவிட்டாள். இரண்டு வருஷமாக அவள் ஒரு வலைப்பூ எழுதிவந்தாள். தான் பார்த்ததை எழுதுவாள். ஆஸ்பத்திரி வரிசையில் டோக்கன் கொடுக்கும் ஆள் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார், விபத்து நடந்த இடத்தில் கூடிய இருபது பேரில் எத்தனை பேர் போனை எடுத்தார்கள், எத்தனை பேர் தண்ணீர் எடுத்தார்கள், இப்படி. போன வருஷம் ஒரு நாள், ‘கருத்து சொல்கிறவர்கள் எல்லாரும் ஏன் கன்னத்தில் கை வைத்தே படம் எடுத்துக்கொள்கிறார்கள்? எல்லாருக்கும் ஒரே பல்லிலா வலி?’ என்றும் எழுதிவைத்திருந்தாள். இவர்கள் படித்துத் தொலைத்திருந்தால்?

பயப்பட்டிருக்க வேண்டியதில்லை. மாளிகையில் யாரும் எதையும் படிப்பதில்லை.

நேர்முகத் தேர்வில் தலைமைக் கருத்தாளர் அவளிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். நரைத்த தாடியைப் பட்டுத்துணி போல வைத்திருந்த மனிதர்.

“வலைப்பூ எழுதறியாமே. எத்தனை பேர் படிக்கிறாங்க?”

“பதினொண்ணு, சார்.”

“பதினோராயிரமா?”

“இல்ல சார். பதினொண்ணு.”

தலைமைக் கருத்தாளர் பேனாவை மூடி வைத்தார். பிறகு, துக்க வீட்டில் பேசுகிற குரலில், “பரவாயில்லம்மா, சரி பண்ணிடலாம்” என்றார்.

அன்று முதல் அந்தக் கட்டடத்தில் அவள் பெயர் பதினொண்ணு. வாசல் காவலாளி வருகைப் பதிவேட்டில் அப்படியே எழுதினார். இரண்டாவது வாரம் கழுத்தில் மாட்டிக்கொள்ளக் கொடுத்த அட்டையிலும் அப்படியே அச்சடித்திருந்தார்கள்.

அந்தப் பதினோரு பேரில் நான்கு பேர் கூடப் படிக்கிறவர்கள். ஒருவர், அவள் விட்ட காற்புள்ளிகளை மட்டும் திருத்தி அனுப்பும் பள்ளிக்கூட வாத்தியார். ஒருவர், எதை எழுதினாலும் கீழே ‘அருமை’ என்று போடும் முன்பின் தெரியாத ஆள். சாவு வீட்டைப் பற்றி எழுதினாலும் அருமைதான். மற்ற நான்கு பேர் யாரென்று அவளுக்குத் தெரியாது. மிச்சம் ஒரு ஆள், அவளுடைய அம்மா. பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருக்கிற தெருவில், ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில், தலையணை தைக்கிற கூடத்தில் அம்மாவுக்கு வேலை. டீ நேரத்தில் பின் ஜன்னல் ஓரமாகப் போய் நின்றால்தான் அங்கே போனில் சிக்னல் எடுக்கும். அங்கே நின்று படித்துவிட்டு அம்மா கைகூப்பும் படம் ஒன்றைத் தட்டி அனுப்புவாள். எப்போதும் முதல் வாசகி அவள்தான்.

“நல்லா எழுதியிருக்கேடி. ஆனா அந்த டோக்கன் ஆளு பாவம், அவனுக்கும் மூட்டு வலி இருக்கும்” என்பாள் வீட்டுக்கு வந்ததும். அது ஒன்றுதான் அந்த வலைப்பூவுக்கு வந்த விமர்சனம்.

பயிற்சியின் முதல் வாரத்தில் தலைமைக் கருத்தாளர் புதியவர்களைக் கூட்டிவைத்துப் பேசினார். கோபப் பட்டியலை வைத்திருக்கிற ஒருங்கிணைப்பாளர் பெண்மணி, எல்லாரும் பட்டியல் அக்கா என்று கூப்பிடுகிறவர், பக்கத்தில் நின்று குறிப்பெடுத்தார். தன் தலைவர் பேசுவதை அவர் பதினாறு வருஷமாகக் குறிப்பெடுக்கிறார். பேச்சும் பதினாறு வருஷமாக ஒன்றேதான்.

“ஒரு சம்பவம் நடந்தா நாம அந்த இடத்துக்குப் போறதில்ல. ஏன்? போனா கருத்து கெட்டுடும். அங்க ஒருத்தன் ஒண்ணு சொல்வான், இன்னொருத்தன் ஒண்ணு சொல்வான், கண்ணால பார்த்தது வேற குறுக்க வரும். இருபத்தெட்டு வருஷமா நான் இந்த நாற்காலியை விட்டு எந்திரிச்சதில்ல. அதனாலதான் என் பார்வை இவ்வளவு விசாலமா இருக்கு. தகவல்ங்கிறது தண்ணி மாதிரி. ஊத்த ஊத்தக் கருத்து நீர்த்துப்போகும். புரிஞ்சுதா?”

எல்லாரும் தலையாட்டினார்கள். பதினொண்ணு கையைத் தூக்கினாள்.

“நடந்ததே தப்பாத் தெரிஞ்சிருந்தா, சார்?”

“அதுக்குத்தான் மறுபக்கம் இருக்காரே!”

மறுபக்கம் எழுந்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு உட்கார்ந்தார். ஒல்லியான, சாதுவான மனிதர். எந்தக் கட்டுரை வெளியானாலும் கூடவே அதற்கு நேர் எதிராக ஒன்று வெளியாக வேண்டும் என்பது மாளிகையின் நடுநிலைக் கொள்கை. அந்த இன்னொன்றை எழுதுவதுதான் அவருக்கு வேலை. வெள்ளத்தைக் கண்டித்து ஒருவர் எழுதினால், ஈரத்தின் அவசியத்தைப் பற்றி இவர் எழுதுவார். ‘உங்களுக்குன்னு ஒரு அபிப்பிராயமும் கிடையாதா சார்?’ என்று அவள் ஒரு நாள் கேட்டாள். “இருந்துச்சும்மா” என்றார் அவர். “கல்யாணத்துக்கு முன்னாடி.”

மாளிகையின் உயிர்நாடி மூன்றாவது மாடியில் இருந்தது. அதன் பெயர் முன்கருத்துப் பெட்டகம்.

சம்பவம் நடந்த பிறகு உட்கார்ந்து எழுதினால் மற்றவர்கள் முந்திக்கொண்டு கருத்து சொல்லிவிடுவார்கள் அல்லவா? அதனால் எல்லாச் சம்பவங்களுக்கும் முன்கூட்டியே கட்டுரை எழுதி அடுக்கி வைத்திருந்தார்கள். பாலம் இடிதல், படகு கவிழ்தல், பள்ளிக்கூடச் சுவர், கூட்ட நெரிசல் என்று தனித்தனி உறைகள். இடத்துக்கு ஒரு கோடு, தேதிக்கு ஒரு கோடு, எண்ணிக்கைக்கு ஒரு கோடு. செய்தி வந்த ஒன்பதாவது நிமிஷம் கட்டுரை வெளியாகிவிடும். ‘நெஞ்சு பதறுகிறது’ என்று ஆரம்பிக்கும் ஒரு கட்டுரை ஆறு வருஷமாக உறைக்குள் பதறிக்கொண்டிருந்தது. இன்னும் அதற்கேற்ற பாலம் விழவில்லை.

“தீ உறை பழசாயிடுச்சு” என்றார் பட்டியல் அக்கா. “அதுல இன்னும் மண்ணெண்ணெய் விளக்குன்னு இருக்கு. புதுசா ஒண்ணு வேணும். யாரு எழுதறீங்க?”

பதினொண்ணு நிமிர்ந்து உட்கார்ந்தாள். தீயைப் பற்றி, ஏறக்குறைய தீயைப் பற்றி, அவள் முந்தின வாரம்தான் தன் வலைப்பூவில் எழுதியிருந்தாள்.

விஷயம் இதுதான். அம்மாவின் கூடத்திலிருந்து தலையணை உறைகள் காணாமல் போகின்றன என்று சூப்பர்வைசருக்குச் சந்தேகம். பின் படிக்கட்டுக் கதவை இழுத்துச் சாத்தி, ஒரு பெரிய பூட்டைத் தொங்கவிட்டு, சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். முப்பத்தாறு பெண்கள். சுற்றிலும் பஞ்சு. இறங்க இருந்தது முன்பக்கத்தில் ஒரே படிக்கட்டு. அதன் தலைமாட்டில் அயர்ன் பாக்ஸ் மேஜை.

“நான் கேட்டுப் பார்த்தேன்டி” என்றாள் அம்மா. “சார், நெருப்பு கிருப்பு பத்துச்சுன்னா எப்படி சார் ஓடறதுன்னு. அதுக்கு அந்த ஆளு, நெருப்பு பத்தினா நானே வந்து திறந்துவிடறேம்மா, எனக்கு அந்தப் பொறுப்பு இல்லையாங்கறான். அவன் பாதி நாள் கூடத்துலயே இருக்கறதில்ல.”

“எழுதிக் கொடும்மா, எல்லாரும் சேர்ந்து.”

“கொடுக்கலாம். மறுநாள் வீட்டுல உட்கார்ந்து உன் வலைப்பூவை முழுசாப் படிக்கலாம்.” அம்மா சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “நீ எழுதேன். நீதான் எழுதற ஆளாச்சே. எங்க பேரெல்லாம் போடாம எழுது” என்றாள்.

அவள் எழுதினாள். ‘பின் கதவுப் பூட்டு’ என்று தலைப்பு. எந்தத் தெரு, எந்தக் கட்டடம், எத்தனை படி, பூட்டு என்ன அளவு, சாவி யார் சட்டைப் பையில் என்று மட்டும் இருந்தது. பதினோரு பேர் படித்தார்கள். ஒருவர் ‘அருமை’ என்றார்.

இப்போது அதையே பெரிய இடத்தில் போட்டால்? பத்து லட்சம் பேர் படிக்கிற இடம். யாராவது ஒருவர் வந்து அந்தப் பூட்டைக் கழற்றமாட்டாரா? அவள் கையைத் தூக்கினாள்.

தலைமைக் கருத்தாளர் கட்டுரையைப் படிக்கவில்லை. தூரத்தில் பிடித்துப் பார்த்தார். “இதுல எல்லாம் தகவலா இருக்கேம்மா. எங்க கருத்து?”

“கதவைத் திறக்கணும், சார். அதான் கருத்து.”

“அது கோரிக்கை. தெரு பேரு, கட்டட நம்பர் எல்லாம் போட்டிருக்கே; அப்படிப் போட்டா அது புகார். கோரிக்கையும் புகாரும் எழுதறதுக்கு இது மாளிகையா, தபாலாபீஸா?”

இரண்டு நாள் உட்கார்ந்து திருத்தினார்கள். தெரு ஒரு கோடானது. கட்டடம் ஒரு கோடானது. முப்பத்தாறு பெண்கள் ‘உழைக்கும் கரங்கள்’ ஆனார்கள். சூப்பர்வைசர் ‘நம் எல்லாருக்குள்ளும் இருக்கும் அலட்சியம்’ ஆனார். பூட்டு மட்டும் தப்பித்தது. ஆனால் அதுவும் கடைசி வரியில் மனங்களின் மேல் தொங்குகிற பூட்டாக மாறிவிட்டது. தலைப்பு: ‘இன்னும் எத்தனை கதவுகள்?’ அடியில் அவள் பெயர், நிஜப் பெயர். மேலே அவள் படம். கன்னத்தில் கை வைக்கச் சொன்னார்கள். “இடது கையா வைம்மா, வலது கை கோபத்துக்கு” என்றார் போட்டோ எடுத்தவர். வைத்தாள்.

மறுபக்கமும் தன் பங்கை எழுதி முடித்தார். ‘கதவுகளுக்கும் ஒரு கடமை உண்டு.’ திருட்டு எப்படி ஒரு தேசத்தை அரிக்கிறது, பூட்டு எப்படி ஒழுக்கத்தின் முதல் பாடம் என்று. “மனசுல வச்சுக்காதேம்மா” என்று அவளிடம் வந்து சொன்னார். “உன்னோடதை நான் படிக்கல.”

“எப்ப சார் போடுவீங்க?” என்று அவள் தலைமைக் கருத்தாளரைக் கேட்டாள்.

“எதை?”

“கட்டுரையை.”

அவர் அவளை வினோதமாகப் பார்த்தார். “சம்பவம் நடந்ததும்.”

“நடக்கறதுக்கு முன்னாடி போட்டா, நடக்காமலே போயிடுமே சார்!”

“அதைத்தாம்மா நானும் சொல்றேன். நடக்காமலே போயிட்டா இவ்வளவு நல்ல கட்டுரையை என்ன பண்றது?” அவர் குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. “அவசரப்படாதே. நல்ல எழுத்துக்கு ஒரு காலம் வரும். இன்னொண்ணையும் தெரிஞ்சுக்கோ. நடந்தாலும் உடனே போட்டுட முடியாது. மூணு பேராவது போகணும். அதுக்குக் கீழே போனா அது செய்தி, விபத்து, அவங்கவங்க தலையெழுத்து. மூணுலேருந்துதான் சமூகம் ஆரம்பிக்குது. நாம சமூகத்துக்கு எழுதறவங்க.”

போகிறபோது, நினைவு வந்தவர் போல, “அப்புறம் அந்த வலைப்பூவுல இருக்கறதை எடுத்துடு. இப்ப அது மாளிகையோட சொத்து. ஒரே விஷயம் ரெண்டு இடத்துல இருந்தா வெளியிட முடியாது” என்றார்.

அவள் இரண்டு நாள் யோசித்தாள். ஒரு பக்கம் பதினோரு பேர். இன்னொரு பக்கம் பத்து லட்சம் பேர், பட்டம், அவள் பெயர். யோசித்துப் பார்த்தால் இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று தோன்றியது. எடுத்துவிட்டாள்.

அம்மாவுக்குத்தான் முதலில் தெரிந்தது. “எங்கடி அந்தப் பூட்டுக் கதை? இன்னிக்கு எங்க கூடத்துல எல்லாருக்கும் காட்டலாம்னு தேடறேன், காணோமே?”

“பெரிய இடத்துல வரப்போகுதும்மா.”

“எப்போ?”

அவள் தட்டுகளை எடுத்துவைத்தாள். அம்மா குழம்பைக் கிளறிக்கொண்டே, “சரி, வரட்டும். அந்த ஆளு படிப்பானான்னு தெரியாது. அவன் முதலாளி படிப்பாரு” என்றாள். பூட்டு கழன்றுவிட்ட மாதிரியே அவள் முகம் தெளிந்திருந்தது.

அந்த முகத்தைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. மறுநாள் மாளிகைக்கு வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு, கட்டடப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போனாள். நான்கு ஜன்னல்களில் மூன்று மூடியிருந்தன. நான்காவதில் ஒரு குமாஸ்தா ரப்பர் ஸ்டாம்பைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

“யாராவது பாதிக்கப்பட்டாங்களா?” என்றார்.

“இன்னும் இல்ல சார்.”

“பாரத்துல பாதிக்கப்பட்டவர் கையெழுத்துன்னு கேட்டிருக்கு. பாதிக்கப்படாதவங்க போடறதுக்கு இடமில்ல. பாதிச்ச பிறகு அவங்களையே வரச் சொல்லுங்க.”

“அப்ப அவங்க எப்படி சார் வருவாங்க?”

“அது அவங்க பொறுப்பு.” அவர் கொஞ்சம் இரங்கினார். “இல்லாட்டி ஒண்ணு பண்ணலாம். பேப்பர்ல, கீப்பர்ல இதைப் பத்தி வந்திருந்தா அதை வச்சு நாங்களே நடவடிக்கை எடுக்கலாம். வந்திருக்கா?”

“என் வலைப்பூவுல வந்துச்சு. ஆனா... எடுத்துட்டேன்.”

“நீங்களே எழுதி நீங்களே எடுத்துட்டீங்க!” குமாஸ்தாவின் முகம் மலர்ந்துவிட்டது. “அப்ப பிரச்சனை தீர்ந்துடுச்சுன்னு அர்த்தம். அடுத்த ஆளை வரச் சொல்லுங்கம்மா.”

அவளுக்குப் பின்னால் யாரும் இல்லை. இருந்தாலும் அவர் எட்டிப் பார்த்தார்.

திரும்ப வந்தவள் பட்டியல் அக்காவின் மேஜை முன்னால் நின்றாள். “அக்கா, என் கட்டுரையைத் திருப்பிக் கொடுத்துடுங்க. நான் வலைப்பூவுலயே போட்டுக்கறேன்.”

அக்கா கெட்ட மனுஷி இல்லை. சாப்பாட்டு நேரத்தில் ஊறுகாய் பங்கு கொடுப்பவர். “பைத்தியமாடி உனக்கு?” என்று குரலைத் தாழ்த்தினார். “பெட்டகத்துக்குள்ள போனது சம்பவம் இல்லாம வெளிய வராது. வந்தா உன் பயிற்சி ரத்து. பட்டம் போச்சு. இன்னும் மூணு வாரம். பேசாம இரு. சான்றிதழை வாங்கிக்கோ, அப்புறம் எங்க வேணா எழுது. பூட்டு அதுக்குள்ள எங்க ஓடிப்போகுது?”

பூட்டு எங்கேயும் ஓடிப்போகவில்லை என்பது சரிதான்.

சான்றிதழ் விழா ஒரு வியாழக்கிழமை பிற்பகல். அம்மாவுக்குச் சூப்பர்வைசர் விடுப்பு தரவில்லை. “போட்டோ எடுத்து அனுப்பு, டீ நேரத்துல பார்க்கறேன்” என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போயிருந்தாள். ஏழாவது மாடிக் கூடத்தில் மாலையும் மேடையுமாக ஏற்பாடு. பயிற்சியாளர்கள் ஆறு பேரும் முன்வரிசையில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். அவளும் வைத்திருந்தாள். இப்போதெல்லாம் கை தானாகவே போய்விடுகிறது.

தலைமைக் கருத்தாளர் பேசினார். “இந்தச் சமூகத்துக்கு என்ன குறை? பேச ஆள் இருக்கு. கேட்க ஆள் இருக்கு. செய்யத்தான் ஆள் இல்லைன்னு சிலர் சொல்றாங்க. நான் கேக்கறேன், எல்லாரும் செய்யப் போயிட்டா யாரு பேசறது?”

கைதட்டல் முழங்கியது. அந்த முழக்கத்தில்தான் அவள் மடியிலிருந்த போன் அதிர்ந்தது.

‘வாழ்த்துகள்! உங்கள் கட்டுரை வெளியாகிவிட்டது.’

சந்தோஷமா, என்ன என்று தெரியாமல் ஒரு கணம் உள்ளே ஏதோ துள்ளியது. மறுகணம் அவளுக்குப் புரிந்தது. இந்த மாளிகையில் ஒரு கட்டுரை எப்போது வெளியாகும் என்பது அவளுக்குத் தெரியும். திறந்தாள். ‘இன்னும் எத்தனை கதவுகள்?’ கன்னத்தில் கை வைத்த அவள் படம். அதன் கீழே:

‘பஸ் டிப்போவுக்குப் பின்னால் உள்ள தெருவில் இன்று பிற்பகல் நடந்த கோரத் தீ, ______ உயிர்களைப் பறித்திருக்கிறது. இந்த ______ பேரைக் கொன்றது நெருப்பு அல்ல, நாம்.’

அவசரத்தில் இடத்தை நிரப்பியவர்கள் எண்ணிக்கையை நிரப்ப மறந்துவிட்டார்கள். தெருவை எடுத்துவிட்டுக் கோடு போட்ட இடத்தில், அவள் முதலில் எழுதியிருந்த அதே தெருவே வந்து உட்கார்ந்திருந்தது.

மேடையில் பட்டியல் அக்கா ஒலிபெருக்கியை வாங்கி, “ஒரு நல்ல செய்தி! ஏழே நிமிஷம்! நம்ம மாளிகையோட சாதனை! நம்ம பதினொண்ணு எழுதினது!” என்றார். எல்லாரும் திரும்பிப் பார்த்துக் கைதட்டியபோது நாற்காலி காலியாக இருந்தது.

டிப்போ வரைக்கும்தான் ஆட்டோ போனது. அதற்கப்புறம் கூட்டம். இருபது பேரில் எத்தனை பேர் போனை எடுத்தார்கள் என்று எண்ண அவளுக்கு அன்று தோன்றவில்லை. இரண்டாவது மாடி ஜன்னல்களில் புகை அடங்கி, கரி வழிந்துகொண்டிருந்தது. முன் படிக்கட்டு வழியாக முப்பத்து நான்கு பேர் இறங்கிவிட்டார்கள். இருமிக்கொண்டு, நடைபாதையில் உட்கார்ந்து, ஒருவர் தலையை ஒருவர் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி இவளைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

டீ நேரமாம். இரண்டு பேர் மட்டும் பின்பக்கம், சிக்னல் எடுக்கிற ஜன்னலோரம் போயிருந்தார்களாம். கூடத்தின் நடுவே தீ பரவி முன்பக்கம் போக வழி அடைபட்டதும் அவர்கள் பின் கதவுக்கு ஓடினார்களாம்.

சூப்பர்வைசர் தெருமுனையில் நின்றிருந்தார். ஒரு போலீஸ்காரரிடம் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக் காட்டி, “என்கிட்டதான் சார் பத்திரமா இருக்கு, தொலைஞ்சு கிலைஞ்சு போகல” என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

போன் அடித்தது. பட்டியல் அக்கா.

“பதினொண்ணு, அங்கதான் போயிருக்கியாமே, நல்லதாப் போச்சு. எண்ணிக்கை இல்லாம போட்டுட்டாங்கம்மா, வாசகருங்க கேலி பண்றாங்க. எத்தனைன்னு பார்த்துச் சொல்லேன்.”

“ரெண்டு.”

“ரெண்டா? நல்லாப் பார்த்தியா? ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதுல யாராவது... இன்னும் ஒண்ணு தேறுமா?”

“ரெண்டுதான், அக்கா.”

அந்தப் பக்கம் பெருமூச்சு. “ஐயோ, பாவம்டி நீ. எவ்வளவு கஷ்டப்பட்டு எழுதினே. சார்கிட்ட கேட்டுப் பார்க்கறேன், ஆனா விதி விதிதான், உனக்கே தெரியும்.”

“ரெண்டுல ஒண்ணு எங்கம்மா.”

போன் கைமாறுகிற ஒலி. தலைமைக் கருத்தாளரின் குரல், அந்தத் துக்க வீட்டுக் குரல், இந்தத் தடவை சரியான வீட்டுக்கே வந்திருந்தது.

“கேள்விப்பட்டேன்மா. தாங்க முடியல. சொல்ல வார்த்தை இல்ல.” இருமினார். “நான் சொல்றதை நிதானமாக் கேளு. ‘என் அனுபவம்’னு ஒரு பகுதி இருக்கு நமக்கு. அதுக்கு எண்ணிக்கை தேவையில்ல. ஒண்ணே போதும். எழுநூறு சொல், ஆறு மணிக்குள்ள. நீ இப்ப இருக்கற மனநிலை நாளைக்கு வராதும்மா, அதனாலதான் சொல்றேன்.”

அவள் போனைக் காதிலிருந்து எடுத்தாள். அது கொஞ்ச நேரம் கையிலேயே பேசிக்கொண்டிருந்தது.

நாலரை மணிக்கு அவள் கட்டுரையை எடுத்துவிட்டார்கள். ‘சம்பவத்தின் அளவு கருத்துக்குப் போதுமானதாக இல்லாததால் இந்தக் கட்டுரை திரும்பப் பெறப்படுகிறது. வாசகர்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்.’ தெருவின் பெயரை அழித்து மறுபடியும் கோடு போட்டு, பெட்டகத்தில் தீ உறைக்குள் வைத்தாயிற்று. நல்ல கட்டுரை, வீணாகாது.

கூடவே வெளியான மறுபக்கத்தின் கட்டுரையை எடுக்கவில்லை. ‘கதவுகளுக்கும் ஒரு கடமை உண்டு’ இன்றைக்கும் அங்கே இருக்கிறது. குறைந்தபட்ச எண்ணிக்கை துக்கத்துக்குத்தான், நியாயத்துக்குக் கிடையாது. மறுபக்கம் மட்டும் காரியத்துக்கு வந்தார். வாசலிலேயே நின்றார். “நான் உன்னோடதை இப்பத்தாம்மா படிச்சேன்” என்றார். அதற்கு மேல் அவருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. எதிராகச் சொல்லித்தான் பழக்கம்.

கல்லூரி விதிப்படி, வெளியாகித் திரும்பப் பெறப்பட்ட கட்டுரை வெளியான கட்டுரையாகாது. பட்டம் இல்லை என்று கடிதம் வந்தது. அவள் அதை மடித்து, அம்மாவின் தையல் கண்ணாடி வைத்திருந்த டப்பாவில் போட்டாள்.

அன்று சாயங்காலம் வலைப்பூவைத் திறந்தாள். ‘பின் கதவுப் பூட்டு’ அழித்தவற்றுக்குள் அப்படியே கிடந்தது. எந்தத் தெரு, எந்தக் கட்டடம், எத்தனை படி, பூட்டு என்ன அளவு, சாவி யார் சட்டைப் பையில். அடியில் ஒரு வரி சேர்க்கலாம் என்று உட்கார்ந்தாள். கன்னத்துக்குப் போன கையைப் பார்த்துவிட்டுக் கீழே இறக்கினாள். ஒன்றும் சேர்க்காமல் அப்படியே திரும்பப் போட்டாள்.

மறுநாள் மத்தியானம், டீ நேரம் தாண்டிய பிறகு, போய்ப் பார்த்தாள். வாத்தியார் இரண்டு காற்புள்ளிகளைத் திருத்தியிருந்தார். முன்பின் தெரியாத அந்த ஆள் வழக்கம்போல ‘அருமை’ என்று எழுதியிருந்தார்.

படித்தவர்கள்: 10.